ஆறு வரியில் வந்த கால நீட்டிப்பு

கடந்த ஆண்டு ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, காரிமங்கலத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என் போன் மூன்று முறை ஒலித்தது. மூன்று முறையும் நான் பொய் சொன்னேன்.

உள்ளே கணினியின் முன்னால் என் மகள் அமலா உட்கார்ந்திருந்தாள். மீன்வள அறிவியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாக் கட்டங்களையும் நிரப்பியாகிவிட்டது. மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, புகைப்படம் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கடைசியாக, பதிவு செய்த போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணைப் போட்டால் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிடும். ஓடிபி என்று எல்லோரும் சொல்கிறோமே, அதுதான். பதிவு செய்த போன் என்னுடையது. மணி நான்கு முப்பத்தைந்து. ஐந்து மணியோடு கடைசி நேரம் முடிகிறது.

முதல் முறை குறுஞ்செய்தி வந்தது. எண்ணைப் பார்த்தேன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அமலா வாசலுக்கு வந்தாள். "அப்பா, ஓடிபி வந்துச்சா?"

"இல்ல கண்ணு. சிக்னல் இல்ல போலருக்கு."

திரும்பப் போய் மறுபடி அனுப்பச் சொன்னாள். வந்தது. இல்லை என்றேன். மூன்றாம் முறை நான்கு ஐம்பத்திரண்டுக்கு வந்தது. அப்போதும் இல்லை என்றேன். சென்டர் வைத்திருக்கும் முருகன் தலையைச் சொறிந்துகொண்டு, "சர்வர் மக்கர் பண்ணுதுங்கண்ணா" என்றார். ஐந்து மணிக்குத் திரையில் விண்ணப்பப் பக்கம் மூடிக்கொண்டது. அமலா எழுந்து சான்றிதழ்களை ஒவ்வொன்றாகக் கோப்பில் அடுக்கினாள். அழவில்லை. "போலாம்ப்பா" என்றாள்.

பயத்தில் தன் ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று முறை சொன்ன ஒரு சீடரைப் பற்றி ஆண்டுதோறும் புனித வெள்ளியன்று கேட்கிறோம். அன்று மாலை மொபெட்டில் வீடு திரும்பும்போது எனக்கு அவர் நினைவு வரவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன். அந்த எட்டு கிலோமீட்டரும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

நான் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். பதினேழு ஆண்டுகளாகக் காரிமங்கலம் பகுதிச் செய்திகளை அனுப்பி வருகிறேன். மீதி நேரத்தில் இரண்டு ஏக்கர் மேட்டு நிலத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் ஆலயப் பங்கில் பலருக்கு என்னைத் தெரியும். என்னிடம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி வந்து கேட்பவர்களும் உண்டு. ஏனென்றால் ஒவ்வொரு மே மாதமும், பிளஸ் டூ முடிவுகள் வந்த மறுநாள், நம் மாவட்டத்தில் அடுத்து என்ன படிக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதுவேன். எந்த ஊரில் அரசுக் கல்லூரி, எந்தப் பாடத்துக்கு எந்தப் பிரிவு, பாலிடெக்னிக் எங்கே, ஐடிஐ எங்கே, நர்சிங் எங்கே என்று விவரமாக இருக்கும். எந்தக் கல்லூரிக்கு எந்த டவுன் பஸ் என்றுகூடப் போடுவேன். நம் ஊர்களில் ஒரு பெண் என்ன படிப்பாள் என்பதை மதிப்பெண் பாதி தீர்மானிக்கிறது, காலை ஏழு பத்து பஸ் மீதியைத் தீர்மானிக்கிறது. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாலக்கோடு பக்கத்தில் ஒரு பேருந்தின் நேரத்தை மாற்றியதால் நான்கு பெண்கள் கணிதத்தை விட்டுவிட்டு வேறு கல்லூரியில் வேறு பாடம் எடுத்தார்கள். அதைச் செய்தியாகவும் எழுதினேன்.

மீன்வளப் படிப்பு என் கட்டுரையில் ஒரு முறைகூட வந்ததில்லை. நம் மாவட்டத்தில் கடலா இருக்கிறது என்று இடத்தை மிச்சம் பிடிப்பேன்.

அமலாவுக்கு அந்த எண்ணம் எங்கள் நிலத்திலேயே வந்தது. கேழ்வரகும் நான்கைந்து மாமரமும் போக, ஒரு பண்ணைக்குட்டை வெட்டி வைத்திருந்தோம். அதில் கட்லா, ரோகு குஞ்சுகள் விட்டிருந்தோம். அவள் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது, ஐப்பசியில் மூன்று நாள் தொடர்ந்து மூட்டமாக இருந்தது. நான்காம் நாள் காலை குட்டை முழுக்க மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. யாரோ மருந்தைக் கலந்துவிட்டார்கள் என்று நான் பக்கத்து நிலத்துக்காரரைச் சந்தேகப்பட்டேன். அமலா மீன்வளத்துறை அலுவலக எண்ணைத் தேடிப் போன் செய்தாள். மறுநாள் ஓர் இளம்பெண் அதிகாரி ஸ்கூட்டரில் வந்தார். ஒரு சின்னப் பாட்டிலில் தண்ணீரை மொண்டு சில சொட்டு மருந்து விட்டார். வண்ணம் மாறுவதைக் காட்டினார்.

"யாரும் எதுவும் கலக்கலைங்க. மூணு நாளா வெயிலில்ல. தண்ணியில ஆக்சிஜன் போயிடுச்சு. மோட்டாரப் போட்டு அதே தண்ணிய மேலருந்து கொட்ட விட்டிருந்தாலே பொழச்சிருக்கும்."

அமலா அந்தப் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "மேடம், நீங்க என்ன படிச்சீங்க?" என்று கேட்டாள்.

அன்று தொடங்கியது. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தாள். காரிமங்கலத்திலேயே பெண்களுக்கு அரசுக் கல்லூரி இருக்கிறது, வீட்டிலிருந்து போய் வரலாம், விலங்கியல் எடுத்துக்கொள் என்று நான் சொன்னேன். "அதுவும் நல்ல காலேஜ்தான்ப்பா. ஆனா நான் படிக்க நெனக்கிறது அங்க இல்லயே" என்றாள். அவள் கேட்ட படிப்பு கடலோரத்தில் இருந்தது. பேருந்தும் ரயிலுமாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

என் மனைவி மதலைமேரி முதலிலிருந்தே அவள் பக்கம். "பேப்பர்ல ஊரு பிள்ளைங்களுக்கெல்லாம் வழி காட்டுவாரு. வூட்டுப் பிள்ளைன்னு வந்தா வாசல சாத்துவாரு" என்று அடுப்படியிலிருந்தே சொல்வாள், எனக்குக் கேட்கும்படி.

எனக்கு என்ன பயம் என்று அப்போது கேட்டிருந்தால் பாதுகாப்பு என்று சொல்லியிருப்பேன். இப்போது அதைக் கொஞ்சம் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. பதினேழு ஆண்டுகளாக நான் எழுதிய செய்திகளில், வெளியூர் போய்ப் படித்த பெண்கள் என்றால் ஒன்று காணாமல் போனவர்கள், இல்லை விபத்தில் சிக்கியவர்கள், இல்லை விடுதியில் ஏதோ ஆனவர்கள். ஒரு முறை ஒரு பஸ் விபத்துக்குப் பிறகு அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். இறந்துபோன ஒரு நர்சிங் மாணவியின் பையில் இருந்த அடையாள அட்டையைப் பார்த்துப் பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டேன். அட்டையின் பின்பக்கம் ஓர் அந்தோணியார் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதைச் செய்தியில் எழுதவில்லை. ஆனால் அது என்னை விட்டுப் போகவே இல்லை. படித்து முடித்துப் பத்திரமாக ஊர் திரும்பிய நூற்றுக்கணக்கான பெண்களைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. அது செய்தி இல்லை என்பதுதான் எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது. செய்தியாக வந்ததை மட்டும் எழுதி எழுதி, உலகத்தில் நடப்பது அவ்வளவுதான் என்று நானே நம்பிவிட்டேன்.

நம் ஆலயத்தில் அந்தோணியார் திருவிழாவுக்கு முந்தைய ஒன்பது செவ்வாய்க்கிழமைகளிலும் நவநாள் நடப்பது உங்களுக்குத் தெரியும். வேறு பங்கிலிருந்து இதைப் படிப்பவர்களுக்காக எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். சொரூபத்தின் கீழே ஒரு மரப்பெட்டி இருக்கும். மக்கள் தங்கள் விண்ணப்பங்களைச் சீட்டில் எழுதி, பெயர் போடாமல், அதில் போடுவார்கள். ஒன்பதாவது செவ்வாய் மாலை பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு சீட்டாக எடுத்துச் சபை முன் சத்தமாகப் படிப்பார்கள். சீட்டில் இருப்பதில் ஒரு சொல்லைக் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. படித்து முடித்ததும் எல்லாச் சீட்டையும் தூபக்காலில் போட்டு எரித்துவிடுவார்கள். புகையோடு மேலே போகட்டும் என்பது நம்பிக்கை.

ஆறாவது செவ்வாயன்று நான் ஒரு சீட்டுப் போட்டிருந்தேன். "என் மகளின் மனம் மாறி, அருகிலேயே படிக்க அருள் தாரும்" என்று எழுதியிருந்தேன். அதற்கடுத்த வாரங்களில் அவள் மனம் மாறவில்லை. அந்தோணியார் செய்யாததை வெள்ளிக்கிழமை நானே செய்தேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அமலா என்னோடு எப்போதும் போலத்தான் இருந்தாள். காபி கொண்டுவந்து வைத்தாள். குட்டைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தாள். இந்த முறை விட்ட குஞ்சுகளை அவள்தான் பார்த்துக்கொண்டாள். மூட்டம் போட்டால் யாரும் சொல்லாமலே மோட்டாரைப் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் குட்டைக் கரையில் குந்தி உட்கார்ந்திருந்ததை மாமரத்தடியிலிருந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை வந்த நிம்மதி அந்த இடத்தில் போய்விட்டது. அதற்குப் பதிலாக நெஞ்சில் ஒரு கல் வந்து உட்கார்ந்தது. திருப்பலியில் நற்கருணை வாங்க எழுந்திருக்க முடியவில்லை. மதலைமேரி ஒரு பார்வை பார்த்தாள். என்னிடம் சரிசெய்ய வழியும் இல்லை. விண்ணப்பம் மூடியாயிற்று. ஓராண்டு போயிற்று. அடுத்த ஆண்டுவரை அவளுக்கு அந்த ஆசை இருக்குமா என்பதும் தெரியாது. ஜெபிக்க முயன்றேன். என்ன கேட்பது?

செவ்வாய்க்கிழமை வந்தது. ஒன்பதாவது செவ்வாய்.

வழக்கமாகச் சீட்டுகளைப் படிப்பவர், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் எங்கள் உபதேசியார். அன்று அவர் கிருஷ்ணகிரிப் பக்கம் உறவினர் திருமணத்துக்குப் போய்விட்டு, திரும்பி வரும் பஸ்ஸைத் தவறவிட்டிருந்தார். ஆலயத்தில் ஆறரை மணிக்குப் பாடல் முடிந்ததும் பங்குத்தந்தை சுற்றிப் பார்த்தார். நான் நான்காவது வரிசையில் தூணுக்குப் பின்னால் ஒளிந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"நிருபரே, வாங்க. நீங்கதான் தெனம் எழுதறவரு. நல்லாப் படிப்பீங்க."

மறுக்க முடியவில்லை. எழுந்து போனேன். பெட்டியிலிருந்து பீடப்பணியாளர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். குழந்தை வரம், முழங்கால் வலி, மாடு ஈன வேண்டும், குடிக்கிற கணவன் திருந்த வேண்டும், போர்வெல்லில் தண்ணீர் வர வேண்டும். ஏறக்குறைய முப்பது சீட்டுப் படித்திருப்பேன். அப்புறம் என் சீட்டு வந்தது. பத்திரிகைத் தாளில் எழுதுவதுபோல ஓரம் விட்டு மடித்திருந்தேன். மடிப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வெறும் குரலில் படித்தேன். பிறர் எழுதியதைத் திருத்திப் பழகிய எனக்கு, அந்த ஒரு வாக்கியத்தில் என்ன தவறு என்று படிக்கும்போதே தெரிந்தது. அதில் என் மகள் கேட்டது எங்கேயும் இல்லை.

அதற்குப் பிறகு நான்கைந்து சீட்டுகள். அடுத்தது பள்ளி நோட்டிலிருந்து கிழித்த கால் தாள். பச்சை மை. அமலாவின் கையெழுத்து. அவளுடைய 'ழ' எப்போதும் வரிக்குக் கீழே இறங்கி நிற்கும்.

அந்தச் சீட்டு என்னிடம் இப்போது இல்லை. வழக்கப்படி எரித்துவிட்டார்கள். நினைவிலிருந்து எழுதுகிறேன். ஆனால் ஒரு சொல் மாறியிருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

"அந்தோணியாரே, என் அப்பா எனக்காக ரொம்ப பயப்படுறார். பேப்பரில் வருவதெல்லாம் எனக்கும் நடந்துவிடும் என்று நினைக்கிறார். வெள்ளிக்கிழமை அவர் வேண்டுமென்று செய்யவில்லை, பயத்தில்தான் செய்தார். எனக்கு சீட் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பயத்தை அவரிடமிருந்து எடுத்துவிடுங்கள். பாவம், அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை."

வெள்ளிக்கிழமை என்ற சொல்லில் என் குரல் நின்றது. சீட்டில் இருப்பதைக் குறைக்கக் கூடாது. மீதியைப் படித்தேன். எப்படிப் படித்தேன் என்று எனக்குத் தெரியாது. பெண்கள் பக்கம் அமலா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். உபதேசியார் படிப்பார் என்று நினைத்து எழுதியது அது. நான் படிப்பேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதே.

மீதிச் சீட்டுகளையும் படித்து முடித்தேன். தூபம் போடும்போது முழங்காலிட்டேன். அன்றுதான், பல ஆண்டுகளுக்குப் பிறகு, நான் உண்மையாக ஜெபித்தேன். நீளமாக எதுவும் சொல்லவில்லை. "நான் அடைத்ததை நீர் திறந்துவிடும், ஆண்டவரே. எனக்குத் திறக்கத் தெரியவில்லை." அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் அமலாவைத் தனியாகக் கூப்பிட்டேன். கொடிமரத்துக்குப் பக்கத்தில் நின்றோம்.

"கண்ணு, அன்னிக்கு ஓடிபி வந்துச்சு."

"தெரியும்ப்பா."

"எப்படித் தெரியும்?"

"மூணு தடவயும் சத்தம் கேட்டுச்சு. அந்த மணிச் சத்தத்த நான்தானப்பா உங்க போன்ல வெச்சுக் குடுத்தேன்."

"அப்ப ஏன் கேக்கல? பையிலருந்து புடுங்கிட்டுப் போயிருக்கலாம்ல?"

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, "புடுங்கிட்டுப் போயி அவ்ளோ தூரத்துல என்னப்பா படிக்கறது? நீங்க குடுக்கணும்" என்றாள்.

மதலைமேரி எங்களிடம் வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் அழுது முடிச்சிட்டீங்கன்னா வூட்டுக்குப் போலாம். மாவு பொங்கி ஊத்திரும்" என்றாள். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

அடுத்த ஆண்டு நானே கூட்டிப் போய் விண்ணப்பம் போடுகிறேன் என்று அமலாவிடம் சொன்னேன். சரிப்பா என்றாள். கதை இதோடு முடிந்திருந்தாலும் நான் இதை எழுதியிருப்பேன். என் பயம் அன்று மாலையே பாதி போய்விட்டது. ஆனால் கதை அங்கே முடியவில்லை.

புதன்கிழமை காலை ஆறரைக்கு, வழக்கம்போல, பஸ் நிறுத்தத்தில் ஏஜென்டிடம் பேப்பர் வாங்கினேன். நான் அனுப்பியதில் எது வந்திருக்கிறது என்று பக்கம் பக்கமாகப் பார்ப்பேன். ஆறாம் பக்கம், வலது கீழ் மூலையில், ஒற்றைப் பத்தியில் ஒரு துண்டுச் செய்தி இருந்தது. மீன்வளப் பட்டப்படிப்புக்கு இணையவழி விண்ணப்பிக்கும் கால அவகாசம் வியாழக்கிழமை மாலை ஐந்து மணி வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. மொத்தம் ஆறு வரி. மேலே, நமது நிருபர் என்று இருந்தது.

நமது நிருபர் என்றால் நான்தான்.

நின்ற இடத்திலேயே போனை எடுத்துப் பார்த்தேன். மாவட்டச் செய்தியாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்த அறிவிப்பு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பத்தெட்டுக்கு வந்திருக்கிறது. அன்று வந்த மற்ற ஆறு அறிவிப்புகளோடு சேர்த்து, பத்து ஐம்பத்திரண்டுக்கு நான் அதை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். திறந்துகூடப் பார்க்காமல். நெஞ்சில் கல்லோடு, ஏதோ வேலை செய்ய வேண்டுமே என்று செய்த வேலை அது.

அதாவது, மாலை ஆறரைக்கு மேல் நான் முழங்காலிட்டு, திறந்துவிடும் என்று கேட்டேன். அது காலையிலேயே திறந்திருந்தது. என் சட்டைப் பையில் இருந்தது. அதை அனுப்பியது என் விரல். நேரங்களை இரண்டு முறை சரிபார்த்தேன். தொழில் பழக்கம். மூன்றாம் முறை பார்க்கும்போது பேப்பர் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பேப்பர் ஏஜென்ட், "என்னங்க நிருபரே, யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

வீட்டுக்குப் போய்ச் செய்தியை அமலாவிடம் காட்டினேன். படித்தாள். இன்னொரு முறை படித்தாள். "யாருப்பா எழுதுனது இது?" என்றாள். நான் மொபெட் சாவியை எடுத்தேன்.

பத்து மணிக்கு முருகன் சென்டரைத் திறக்கும்போது நாங்கள் வாசலில் நின்றோம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னிக்கு சிக்னல் இருக்குதுங்களாண்ணா? அன்னிக்கு இந்தத் தெருவுல பூக்காரம்மாவுக்குக்கூட இருந்துச்சு. உங்களுக்கு மட்டும்தான் இல்ல."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான்தான் மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இருக்குது முருகா" என்றேன். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். போனில் அந்த மணி ஒலித்தது. ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தேன். முந்தைய நாள் ஆலயத்தில் படித்த அதே குரலில். அவள் ஒவ்வொன்றாகத் தட்டினாள். திரையில் பச்சையாக ஒரு வரி வந்தது. முருகன் கேட்காமலே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்.

மாலை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். டெஸ்க்கில் இருக்கும் உதவி ஆசிரியரிடம், அந்த ஆறு வரியை ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று அவர் பதறினார். பிறகு சொன்னார்.

"பக்கம் முடிஞ்சிடுச்சு சார். கடைசி நேரத்துல மூலையில இருந்த வரி விளம்பரம் ஒண்ணு வேணாம்னுட்டாங்க. ஆறு வரிக்கு ஓட்டை. நீங்க அனுப்பினதுல அதுதான் சின்னதா வெட்ட வந்துச்சு. இல்லன்னா போயிருக்காது."

அந்த விளம்பரத்தைக் கொடுத்தவர் யார், ஏன் வேண்டாம் என்றார் என்று விசாரிக்க எனக்கு வழி இருந்தது. ஒரு போன் போதும். நான் விசாரிக்கவில்லை. பதினேழு ஆண்டுகளில் முதன்முறையாக, ஒரு செய்தி எங்கிருந்து வந்தது என்று தேடாமல் விட்டேன். தற்செயல் என்ற சொல்லை நான் மதிப்பவன். நடப்பதற்கெல்லாம் காரணம் சொல்லக் கூடாது என்று என் தொழில் சொல்லிக் கொடுத்திருக்கிறது. ஆனால் உபதேசியார் தவறவிட்ட பஸ், பங்குத்தந்தை என் பக்கம் திரும்பிய பார்வை, பச்சை மையில் ஒரு கால் தாள், யாரோ வேண்டாம் என்ற ஆறு வரி இடம். இவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தலை தானாகக் குனிகிறது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

எல்லாம் உடனே நடந்துவிடவில்லை. தரவரிசைப் பட்டியல் வர வாரங்கள் ஆயின. முதல் சுற்றுக் கலந்தாய்வில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் நாங்கள் மூவரும் ஒன்றாக ஜெபமாலை சொன்னோம். கிடைக்காவிட்டால் காரிமங்கலம் கல்லூரியில் விலங்கியல் சேர்வது, அடுத்த ஆண்டு மறுபடி முயல்வது என்று அவளே முடிவு செய்திருந்தாள். அதிலும் அவள் கலங்கவில்லை. இரண்டாம் சுற்றில் இடம் கிடைத்தது. பட்டியலில் எல்லாவற்றையும்விடத் தூரமான கல்லூரி.

நாங்கள் மூவரும் போய் அவளை விடுதியில் சேர்த்தோம். காலையில் இறங்கி, கல்லூரிக்குப் போகும் வழியில், ஒரு திருப்பத்தில் கடல் வந்தது. நான் அதற்கு முன் சென்னையில் ஒரு முறை, கூட்டத்துக்கு நடுவே, கடலைப் பார்த்திருக்கிறேன். மதலைமேரியும் அமலாவும் பார்த்ததே இல்லை. ஆட்டோக்காரரை நிறுத்தச் சொன்னோம். மதலைமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். அமலா ஓடிப்போய்த் தண்ணீரைக் கையில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். குட்டைக் கரையில் அந்தப் பாட்டிலைப் பிடித்துப் பார்த்த அதே மாதிரி. அவளுக்கு முன்னால் அவ்வளவு தண்ணீர். எனக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தேன். இல்லை.

இதற்குப் பிறகு என் வேலையில் இரண்டு மாற்றங்கள். மே மாதக் கட்டுரையில், நம் மாவட்டத்தைத் தாண்டியும் என்னென்ன படிக்கலாம் என்று எழுதுகிறேன். பக்கத்துக் கல்லூரிகளை விட்டுவிடவில்லை. எங்கள் பக்கத்து நிலத்துக்காரர், நான் மீனுக்கு மருந்து வைத்துவிட்டார் என்று சந்தேகப்பட்டேனே, அவருடைய மகள் சத்யா காரிமங்கலத்தில் கணிதம் படிக்கிறாள். அவளே கேட்டுச் சேர்ந்த இடம். நன்றாகப் படிக்கிறாள். எங்கே என்பதைப் பிள்ளை சொல்லட்டும். இரண்டாவது, படித்து முடித்து ஊர் திரும்பும் பெண்களைப் பற்றி அவ்வப்போது எழுதி அனுப்புகிறேன். பெரும்பாலும் வெளிவருவதில்லை. இடம் இருந்தால் ஆறு வரி வருகிறது. ஆறு வரி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

இந்த ஆண்டு ஒன்பதாவது செவ்வாய்க்கு அமலா விடுமுறையில் வந்திருந்தாள். வெயிலில் கறுத்திருந்தாள். உபதேசியார் பஸ்ஸைத் தவறவிடாமல் வந்து சீட்டுகளைப் படித்தார். அதில் நான் போட்ட ஒன்றும் இருந்தது. நன்றி என்று ஒரே சொல்தான் எழுதியிருந்தேன்.

அன்புச் சகோதர சகோதரிகளே, இந்த மாதங்களில் உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை ஏதோ ஒரு கணினியின் முன்னால் உட்கார்ந்திருக்கும். அது கேட்கும் ஊரின் பெயர் உங்களுக்குப் பழக்கமில்லாததாக இருக்கலாம். உங்கள் போன் ஒலிக்கும். ஆறு எண்கள் வரும். பயமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. அந்தப் பயத்தை மறைக்காமல் ஆண்டவர் முன்னால் வையுங்கள், அவர் எடுத்துக்கொள்வார். பிறகு அந்த எண்களைப் பிள்ளைக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்துவிடுங்கள்.